ஐம்பத்தொரு கிலோ

இரவு மணி ஒன்பது ஐம்பது. ஊர் முடிந்து பழைய கிடங்குகள் தொடங்கும் சாலை. தெருவிளக்கு நாலில் ஒன்றுதான் எரிகிறது... அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எரிகிறது. ஒரு சின்ன லாரி மெதுவாகப் போகிறது. பின்னால் சுமைதூக்கிகள் இரண்டு பேர். முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், மடியில் டார்ச் விளக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர்.

நம் நண்பர் ஒருவருடைய பெரியப்பாதான் அவர். கேட்டுவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது. அவர் சிரிப்புக்கு ஆளான மனிதர் அல்லர். முப்பத்தோரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, குறைத்து நிறுக்கிறவனைப் பிடிக்கிற வேலை. ஒருவனிடம் ஒரு வாய்த் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை. ஊர் அவரைத் 'தராசு' என்றே கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே. அவருக்கும் அதில் பெருமைதான்.

"எங்க வீட்ல ஏமாந்தவன்னு ஒருத்தன் கிடையாது." இது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதற்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், சம்பந்தி புது புரொஜெக்டர் வாங்கி, சுவர் அளவுக்குப் படம் போட்டுக் காட்டினார். காட்டியதோடு நிற்கவில்லை. "உங்க வீட்டு டிவில ஆள் முகம் தெரியணும்னா பூதக்கண்ணாடி வேணும் போல" என்று எல்லார் முன்னாலும் ஒரு சொல் சொன்னார். தராசு எழுந்து வரும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட நம்ம வீட்டுக்கு வாங்க, படம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல் சொன்னதுதான். மகள் வாழ்கிற வீட்டில் அப்பன் ஏமாளி என்றோ, வாய்ச்சொல் வீரன் என்றோ பேர் வந்தால் இளக்காரம் யாருக்கு... மகளுக்குத்தானே.

லாரியை ஓட்டியது அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பி. டிவி மெக்கானிக். நாற்பத்தைந்து வயதாகியும் அத்தானைச் சீண்டாமல் இருக்கத் தெரியாதவர். பழைய ட்யூப் புரொஜெக்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைச் சொன்னவரே அவர்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ட்யூப்... மூன்று லென்ஸ். மூன்றும் தனித்தனியாகச் சுவரில் விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் படம்.

"புது மெஷின்ல கருப்புன்னா சாம்பல் அத்தான். இதுல கருப்புன்னா கருப்பு. சம்பந்தி வாயே திறக்க மாட்டார் பாருங்க."

"அது சரி. இந்த ராத்திரில எதுக்குடா போகணும்?"

"பகல்ல பாத்தா எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான். இருட்டுலதான் குத்தம் தெரியும்."

இது தராசுக்குப் பிடித்தது. குற்றம் தெரிகிற நேரத்தில் போய் நிற்பதுதான் அவருக்கும் தொழில்.

வீடு, கடைசிக் கிடங்கையும் தாண்டித் தனியாக நின்றது. கதவைத் திறந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். உள்ளே ஒரே ஒரு விளக்கு. நடையில் தைல வாசனை... வலிக்குத் தேய்ப்பார்களே, அந்தத் தைலம். ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தவர் இருந்த வீட்டு வாசனை.

"அந்த ரூம்தான். நீங்க பாருங்க" என்றாள். அவள் வாசற்படியோடு நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை. தராசு அதைக் கவனித்தார்.

அறையில் வெள்ளைச் சுவர். எதிரே தரையில் ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் புரொஜெக்டர்... ஒரு பெட்டி அளவு, முன்னால் மூன்று பெரிய கண்ணாடிக் கண்கள். வேறு ஒரு சாமானும் இல்லை.

மெக்கானிக் குனிந்தார். இப்போது விளையாட்டுப் பேச்சு இல்லை. லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். லென்ஸுக்கும் ட்யூபுக்கும் நடுவில் சூடு தணிக்கிற திரவம் இருக்கும்; அது கலங்கிப் பூசணம் பிடித்திருந்தால் மெஷினைத் தொடவே கூடாது. கலங்கவில்லை. பின்பக்கம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கருகல் இல்லை. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். அங்கே நின்றுவிட்டார்.

"பத்தொம்பதாயிரம் மணி நேரம்."

"அதிகமா?"

"ரெண்டு வருஷம் அத்தான். ராவும் பகலும் நிறுத்தவே இல்லாம." மெக்கானிக் வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ராப்பகலா அப்படி என்ன படம் பாத்தீங்க? எதுக்கு இப்ப விக்கறீங்க?"

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "அது... படம் பாக்கறதுக்கு இல்லீங்க..."

"வேண்டாம்மா" என்றார் தராசு. "நீங்க சொல்ல வேண்டியதில்ல."

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தராசின் சின்ன வயதில் அவர் வீட்டில் கஷ்ட காலம். சுவர்க் கடிகாரத்தை விற்க வேண்டி வந்தது. வாங்க வந்தவன் தெருவெல்லாம் கேட்கும்படி, "எதுக்கு விக்கறீங்க, அப்படி என்ன முடை?" என்று கேட்டான். கதவுக்குப் பின்னால் நின்ற அவருடைய அம்மா அன்று சாப்பிடவில்லை. அன்றைக்கு அவருடைய அப்பா போட்ட கட்டளை அது: இந்த வீட்டு மனுஷன் யாரிடம் எதை வாங்கினாலும், பொருளை எப்படி வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஏன் விற்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. மரியாதைப்பட்ட கட்டளைதான். இப்போதும் அதைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை...

மெக்கானிக் மெஷினைப் போட்டார். படபடவென்று ஒரு சத்தம், கையில் மயிர் சிலிர்த்தது. சூடான தூசியின் வாசனை. வெறும் வெளிச்சம் மட்டும் வைத்து, ட்யூபை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரே படம் ரொம்ப நாள் நின்றால், அது ட்யூபில் சூடு போட்ட மாதிரிப் பதிந்துவிடும். வாங்குகிறவன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் சிவப்பு மட்டும். சுவர் முழுக்கச் சிவப்பு. நடுவில் மங்கலாக ஒரு நாற்காலி... அதில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள். முகம் இல்லை, உருவம் மட்டும். ஆளளவு.

பிறகு பச்சை. அதே நாற்காலி. ஆள் எழுந்து நிற்கிறது.

பிறகு நீலம். நாற்காலி மட்டும்.

"மூணு ட்யூப்லயும் ஒரே படந்தானேடா ஓடும்?" என்றார் தராசு.

"ஆமா."

"அப்ப பதிஞ்சதும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

"இருக்கணும்." மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மூணு மெஷின்லேர்ந்து ஒவ்வொண்ணா கழட்டிப் போட்டிருப்பாங்களோ என்னவோ. படம் ஓடும்போது தெரியாது. எதுக்கும் யோசிச்சுக்குங்க."

தராசு யோசித்தார். சந்தேகம் அவர் இரத்தத்தில் ஊறியது. ஆனால் வேறு மெஷின் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒரு சோதனை பாக்கியிருந்தது... அவருடைய சொந்தச் சோதனை. எந்தப் பொருளானாலும் ஏற்றுமுன் ஓர் எடை, இறக்கியபின் ஓர் எடை. வழியில் திருட்டுப் போனால் தெரிந்துவிடும். அதற்காகவே சொந்தமாக ஒரு மேடைத் தராசு வைத்திருந்தார். வட்ட முகப்பு, சிவப்பு முள், நூற்றைம்பது கிலோ வரை. அது லாரியில் கூடவே வந்திருந்தது.

மெஷினின் முதுகில் இருந்த தகட்டில் அறுபத்தெட்டு கிலோ என்று எழுதியிருந்தது. சுமைதூக்கிகள் இரண்டு பேரும் தூக்கினார்கள். முனகினார்கள். மெக்கானிக்கும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. தராசில் வைத்தார்கள்.

நூற்றுப் பத்தொன்பது.

"உங்க தராசுக்கும் வயசாயிடுச்சு அத்தான்" என்றார் மெக்கானிக்.

தராசுக்கு முகம் சிவந்தது. மெஷினை இறக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமே ஏறி நின்றார். அறுபத்தொன்று. நாலு வருஷமாக அவருடைய எடை அதுதான். இறங்கி, மறுபடி மெஷினை ஏற்றச் சொன்னார். நூற்றுப் பத்தொன்பது. மூடியைத் திறந்து டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். கல் இல்லை, இரும்பு இல்லை. தூசி மட்டும்.

அவர் செய்த பிழையை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். வேறு எவனாக இருந்தாலும் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்பான். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் தராசு ஒருவனைக்கூட எடை *கூடுதலாக* இருந்ததற்காகப் பிடித்ததில்லை. குறைந்தால்தான் குற்றம். கூடினால், அது விற்றவனுக்கு நஷ்டம், வாங்குகிறவனுக்கு என்ன.

"கூடத்தானே இருக்கு, குறையலையே" என்றார். "ஏத்துங்க."

லாரி கிளம்பியது. அவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அந்த அம்மாள் வாசலில் நின்றாள். லாரி திருப்பத்துக்கு வந்ததும் உள்ளே போனாள். பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிந்தது. மாடி, கீழே, பின்கட்டு... எல்லா விளக்கும்.

தராசின் வீட்டில் மெஷினை இறக்கினார்கள். இந்தத் தடவை சுமைதூக்கிகள் இரண்டு பேருக்கும் முனகல் இல்லை. "என்னங்கய்யா, பாதி வழிலயே இறங்கிப் போயிடுச்சா?" என்று ஒருவன் சிரித்தான்.

மேடைத் தராசில் வைத்தார்கள். அறுபத்தெட்டு.

தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தொரு கிலோ குறைகிறது. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு குறை பார்த்ததில்லை. லாரியில் ஏறித் தேடினார். சுமைதூக்கிகளைப் பார்த்த பார்வையில் சிரித்தவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. மூடியைத் திறந்தால், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு திருகாணி குறையவில்லை. மறுபடி தாமே ஏறி நின்றார். அறுபத்தொன்று.

"இதை யார்கிட்டயும் சொல்லாத" என்றார் மைத்துனரிடம்.

மறுநாள் மாலை மெக்கானிக் வந்து மூன்று வண்ணத்தையும் சுவரில் பொருத்தினார். மெஷினை இடம் மாற்றினால் முதலிலிருந்து பொருத்த வேண்டும். மூன்று மணி நேரம் பிடித்தது. முடிந்ததும், ஒரு தடவை பார்ப்போமே என்று ட்யூபுகளைத் தனித்தனியாகக் காட்டினார்.

சிவப்பு. நாற்காலி மட்டும்.

பச்சை. நாற்காலி மட்டும்.

நீலம்... நாற்காலி.

மெக்கானிக் மெஷினை அணைத்தார். இருட்டில் அவருடைய குரல் மட்டும் வந்தது. "அத்தான், ட்யூப்ல பதிஞ்சது பதிஞ்சதுதான். தீக்காயத் தழும்பு மாதிரி. அது ஆறாது."

தராசு எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

"அந்தம்மா சொல்ல வந்தாங்க. நீங்கதான் வாயை அடைச்சீங்க. போன் போட்டு ஒரு வார்த்தை கேப்போம்."

"வாங்கினதுக்கப்புறம் போய்க் கேக்கறதா? ஒரு பொம்பளை வாசல்ல நின்னு, பயந்துபோயிட்டேம்மா, எதுக்கு வித்தீங்கன்னு? எங்கப்பா போட்ட கோடுடா அது. நான் தாண்ட மாட்டேன்."

"அப்ப திருப்பிக் குடுத்துடுவோம்."

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றார்."

அதோடு பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி கேட்டாள். "ஹால்ல யாரு தைலம் தேச்சுக்கறது? உங்களுக்கு முட்டி வலியா?"

"இல்ல."

"பின்ன எனக்கா வலிக்குது? வீடே நாறுது."

சனிக்கிழமை இரவு ஹாலில் ஒரு சத்தம்... க்ரிச். மர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் கேட்குமே, அது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி க்ரிச்... எழுந்தால் கேட்கிற சத்தம். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தராசு தூங்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மாள், மகள், மருமகன். ஹாலில் ஒரே மாதிரி ஏழு மர நாற்காலிகள். விளக்கை அணைத்து, மெக்கானிக் மெஷின் பக்கத்தில் நின்றபடியே படம் போட்டார். கருப்பு, கருப்பாகவே இருந்தது. சம்பந்தி முதல் பத்து நிமிஷம் பேசவே இல்லை. தராசுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பாதியில் சம்பந்தி எழுந்து கைகழுவப் போனார். திரும்பி வந்து, இருட்டில் தடவிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்காரப் போனார். சட்டென்று பின்வாங்கினார்.

"மன்னிச்சுக்குங்க. ஆள் இருக்கறது தெரியல" என்றார் மெதுவாக. தள்ளிப் போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தராசு அந்த ஓரத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. படம் முடிகிற வரைக்கும் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விளக்குப் போட்டார்கள். ஓரத்து நாற்காலி காலி. சம்பந்தி அதைப் பார்த்தார். "இங்க ஒருத்தர் இருந்தாரே... கிளம்பிட்டாரா? யாரு அவர்? ஒரு வார்த்தை பேசவே இல்ல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மெக்கானிக் தரையைப் பார்த்தார். எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஆமாம், மெஷினில் என்னவோ வந்துவிட்டது, ஏமாந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் எதிரே நிற்பது சம்பந்தி...

தராசு நிமிர்ந்தார். "நம்ம சொந்தக்காரர்தான். நம்ம வீட்டு ஆள்" என்றார்.

"அப்படியா. அடுத்த தடவை நல்லா அறிமுகப்படுத்துங்க."

அவர்கள் போனபிறகு, மனைவி படுத்தபிறகு, தராசு மேடைத் தராசை ஹாலுக்கு இழுத்து வந்தார். அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. வாங்கிய அன்றே நிறுத்துக் குறித்தவை. ஓரத்து நாற்காலியைத் தூக்க முயன்றார். முடியவில்லை. ஒவ்வொரு காலாகச் சாய்த்துச் சாய்த்து நகர்த்தி மேடையில் ஏற்றினார். முள் ஓடியது... ஆடியது... நின்றது.

ஐம்பத்தாறு.

அவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஹால் முழுக்கத் தைல வாசனை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு... க்ரிச்.

முள் மெல்லக் கீழே வந்தது. ஐந்தில் நின்றது.

அதற்குப் பிறகு ஹாலில் சத்தம் கேட்கவில்லை. நாற்காலிகள் எல்லாம் ஐந்தே கிலோ. புரொஜெக்டர் இன்னமும் அதே இடத்தில்தான், துணி போர்த்தி நிற்கிறது. விற்றுவிடலாம் என்று மெக்கானிக் பலமுறை சொல்லிப் பார்த்தார். "வாங்க வர்றவன் ஏன் விக்கறீங்கன்னு கேட்டா?" என்பார் தராசு. மேடைத் தராசைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு தராசு எதையும் நிறுக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும், நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். ஒல்லி மனிதர்தான்... இருந்தும் படி முனகுகிறது.

மூன்று மாதம் கழித்து மனைவியின் வற்புறுத்தலால் ஆஸ்பத்திரிக்குப் போனார். மெக்கானிக்தான் கூட்டிப்போனார். வாசலோரம், அவரிடமிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தார். அவர் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் இது.

சுவரோரம் எடை பார்க்கிற மேடை. எண், நர்ஸின் மேசையில் இருக்கும் சின்னப் பெட்டியில் தெரியும். அவள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முந்தைய நோயாளியின் சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

தராசு செருப்பைக் கழற்றினார். கொஞ்சம் தயங்கினார். ஏறினார்.

நர்ஸ் பெட்டியைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்க சார்."

தராசு அசையவில்லை. முதுகு அப்படியே நிமிர்ந்திருந்தது. தலையை மட்டும் லேசாகப் பின்னால் திருப்பி, வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மரியாதையோடு, தணிந்த குரலில் சொன்னார்.

"கொஞ்சம் இறங்கிக்குங்க."

அறுபத்தொன்று. நர்ஸ் எழுதிக்கொண்டாள்.